பழைய லேசரா, புதிய ஏரோவா? ஒலிம்பிக் படகு விஷயத்தில் எது நியாயம்?

ஃபார்முலா 1-ல் யார் ஜெயித்தாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும். டிரைவர் ஜெயிச்சாரா, கார் ஜெயிச்சுதா? பாய்மரப் படகுப் போட்டியில் இந்தச் சந்தேகமே வரக்கூடாது என்று உருவானதுதான் ‘ஒன் டிசைன்’. எல்லோருக்கும் அச்சு அசலாக ஒரே படகு, ஒரே அளவு பாய். காற்றைக் கணிக்கத் தெரிந்தவர் முந்துவார், அவ்வளவுதான்.

சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓட்டியது இந்த வகைப் படகைத்தான். அப்போது லேசர் ரேடியல், இப்போது ஐஎல்சிஏ 6. விஷ்ணு சரவணன் ஓட்டுவது ஐஎல்சிஏ 7. படகின் உடல் இரண்டுக்கும் ஒன்றே. பாயும் பாய்மரத்தின் கீழ்ப்பகுதியும்தான் வேறு.

கனடாவின் ப்ரூஸ் கிர்பி 1969-ல் வரைந்த படகு இது. உடல் மட்டுமே சுமார் 59 கிலோ. இதற்குப் போட்டியாக 2014-ல் பிரிட்டனில் இருந்து வந்தது ஆர்எஸ் ஏரோ. உடல் வெறும் 30 கிலோ! லேசான காற்றிலேயே சட்டென்று வேகம் பிடிக்கும். கரையில் இழுத்து இழுத்து இடுப்பு ஒடியாது. 2019-ல் உலகப் பாய்மரப் படகு சம்மேளனம் படகுகளைச் சோதித்துப் பார்த்தபோது, மதிப்பீட்டுக் குழு பரிந்துரைத்ததும் ஏரோவைத்தான். ஆனால், கடைசியில் ஓட்டெடுப்பில் ஜெயித்தது லேசர்.

‘நல்ல படகை ஒதுக்கிட்டாங்களே’ என்று கோபப்படலாம். ஆனால், கரையில் நின்று யோசித்தால் கணக்கு மாறும். லேசர் படகுகள் இதுவரை 2 லட்சத்துக்கு மேல் கட்டப்பட்டிருக்கின்றன. பழைய படகு வாங்கிப் பழகலாம், வெளிநாட்டுப் போட்டிக்கு அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். ஒலிம்பிக்கில் படகை ஏற்பாட்டாளர்களே கொடுத்துவிடுவார்கள். படகை மாற்றினால் பணக்கார நாடுகள் மறுநாளே புதுசு வாங்கிவிடும். நம்மூர் கிளப்கள் என்ன செய்யும்?

அதற்காக லேசரில் எல்லாமே சமம் என்று நம்ப வேண்டாம். ஓட்ட ஓட்ட அதன் உடல் இறுக்கம் குறையும் என்பது பழைய புகார். அதனால் முன்னணி வீரர்கள் புதுப் படகைத்தான் தேடுவார்கள். பாய்கூட அனுமதி பெற்ற நிறுவனத்திடம்தான் வாங்கணும். உடல் எடை இன்னொரு பிரச்சினை. பலத்த காற்றில் படகு சாயாமல் இருக்க வெளியே சாய்ந்து தொங்க வேண்டும். ஐஎல்சிஏ 7-க்கு 80 கிலோவாவது இருந்தால் நல்லது. ஒல்லியான இளைஞர் பாயைச் சின்னதாக்க முடியாது, சாப்பாட்டைத்தான் கூட்டணும்!

உண்மையில் சரிசெய்ய வேண்டியது படகை அல்ல, அதை யார் கட்டலாம் என்ற விதியை. 2019-ல் வீரர்கள் சங்கத்துக்கும் முக்கியத் தயாரிப்பு நிறுவனத்துக்கும் மூண்ட சண்டையில்தான் ‘லேசர்’ என்ற பெயரே பறிபோய் ‘ஐஎல்சிஏ’ வந்தது. ஒலிம்பிக்கில் நீடிக்க வேண்டுமென்றால் மற்ற நிறுவனங்களுக்கும் கதவைத் திறக்கணும் என்று சம்மேளனம் அப்போது நிபந்தனை போட்டது. 2028 லாஸ் ஏஞ்சலஸிலும் இதே படகுகள்தான்.