முன்பணம் வாங்கினால் சொன்ன நாளில் கொடு! இல்லையேல் வட்டியோடு திருப்பிக் கொடு!

உழைக்கும் விவசாயப் பெருமக்களே!

தீபாவளிக்கு மறுநாள் வந்து சேருகிற பட்டாசுக்கு யாராவது முழுக் காசு கொடுப்பார்களா? நாரணாபுரத்தில் சின்னப் பிள்ளைக்கும் இதுக்குப் பதில் தெரியும். ஆனால் களையெடுப்பு முடிந்த பிறகு வந்து நிற்கிற களையெடுக்கும் இயந்திரத்துக்கு மட்டும் நாம் முழு விலையும் கொடுக்கணுமாம்!

நடந்ததைச் சொல்கிறோம். புரட்டாசியில் மக்காச்சோளம் விதைத்தால் ஐப்பசியில் களை எடுத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் தீபாவளி வேலை. ஊர்ச் சனமெல்லாம் பட்டாசு ஆபீசுக்குப் போய்விடும். களைக்கு ஆள் கிடைக்காது. அதனால்தான் எங்களில் சிலர் ஆடியிலேயே நகையை அடகு வைத்து, ஆளுக்கு இருபதாயிரம் முன்பணம் கட்டி பவர் வீடருக்குப் பதிந்தோம். "ஆவணி முடியறதுக்குள்ள வந்திரும்" என்றார்கள். ஆவணி போச்சு, புரட்டாசி போச்சு. கேட்டால், "அடுத்த வாரம் அண்ணாச்சி!" இயந்திரம் வந்தது மார்கழியில், காட்டில் கதிர் காய்ந்து நிற்கும்போது! பணத்தைத் திருப்பிக் கேட்டால் பிடித்தம் போகத்தான் தருவார்களாம். அடகுக்கடை வட்டியை யார் கட்டுவது?

தாமதமே ஆகக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. மழை பிந்தினால் நமக்கும் விதைப்பு பிந்தத்தான் செய்யும். உதிரிப்பாகம் வரவில்லை என்றால், அதை ஆவணியிலேயே சொல்லியிருக்கலாமே? வாடகைக்கு ஒன்றைப் பிடித்திருப்போம், வெளியூர் ஆளைத் தேடியிருப்போம். பிந்தியது குற்றமில்லை, மறைத்ததுதான் குற்றம்! நம்ம பணத்தை வட்டியில்லாக் கடனாகப் புழங்கிவிட்டு நமக்கே பிடித்தம் போடுவது அதைவிடப் பெரிய குற்றம்!

2021 ஜூலையில் ஓலா நிறுவனம் மின்சார ஸ்கூட்டருக்கு 499 ரூபாய் வாங்கி முன்பதிவு செய்தது. தொழிற்சாலை கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில். அக்டோபர் கடைசியில் வருமென்ற வண்டி டிசம்பர் நடுவில்தான் வரத் தொடங்கியது. ஆனாலும் வேண்டாமென்றால் அந்த 499 ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். டவுன்காரருக்கு உள்ள அந்த உரிமைகூட கரிசல்காட்டு விவசாயிக்கு இல்லையா?

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் என்ன சொல்கிறது? வீடு கட்டித் தருவதில் நாள் தவறினால், வேண்டாம் என்பவருக்கு வட்டியோடு பணம். காத்திருப்பவருக்குத் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி. வீட்டுக்கு ஒரு நியாயம், விவசாயக் கருவிக்கு ஒரு நியாயமா?

"விவசாயி நுகர்வோர் இல்லை" என்று கம்பெனிக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். 2012இல் தேசிய விதைக் கழக வழக்கில், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

எங்கள் கோரிக்கைகள்:

1. முன்பண ரசீதில் ஒப்படைக்கும் தேதியை எழுது!
2. பிந்தும் என்று தெரிந்த அன்றே, காரணத்தோடு எழுத்தில் தெரிவி!
3. வேண்டாம் என்பவருக்கு ஒரு பைசா பிடிக்காமல் ஏழு நாளில் வட்டியோடு திருப்பிக் கொடு!
4. காத்திருப்பவருக்கு மாதாமாதம் வட்டியைக் கழித்துக்கொள்; பதிந்த நாள் விலையை ஏற்றாதே!
5. பதிந்த வரிசைப்படி கொடு. கூடுதல் காசு தருகிறவனுக்குக் கொல்லைப்புறமாகக் கொடுக்காதே!

விவசாயிகளே! தேதி எழுதாத ரசீதுக்குப் பணம் கட்டாதீர்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனுப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, ஐந்து லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. மனு எழுதத் தெரியாதவர்கள் ரசீதோடு சங்கத்துக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.

தனியாகக் கேட்டால் "அடுத்த வாரம்" என்பான். ஊரே திரண்டு கேட்டால் அன்றைக்கே பதில் வரும்! திரண்டு வாரீர்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், நாரணாபுரம்