நாள்தோறும் இரண்டு மணி நேரம்



“எழுத்து சோறு போடுமா?” என்னும் கேள்வி நம் இல்லங்களுக்குப் புதிதன்று. மகள் கதை எழுத விரும்புகிறாள், மகன் தூரிகையைக் கீழே வைக்க மறுக்கிறான் என்றால், பெற்றோர் உள்ளத்தில் முதலில் எழுவது பெருமையன்று, அச்சமே. அந்த அச்சத்தை நாம் குறை கூறமாட்டோம். குடும்பப் பொறுப்பை உணர்ந்தவர்க்கே அது வரும். ஆயினும், கலைக்குத் தம்மை அளிப்பவர்க்கு வேண்டிய துணிவு, அனைத்தையும் உதறிவிட்டு ஊரைவிட்டுப் புறப்படும் துணிவே எனப் பலரும் கருதுவது நமக்கு உடன்பாடில்லை. ஊருக்குத் திரும்பி வந்து துணிவைக் கண்டடைந்த ஒரு பெண்மணியை இம்மாதம் நினைவுகூர்வோம்.

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில், 1925-ஆம் ஆண்டு ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் ஒரே மகளாகப் பிறந்தவர் பிளானரி ஓ’கானர். அவருக்குப் பதினைந்து வயதானபோது தந்தையார் லூப்பஸ் என்னும் நோயால் இறந்தார். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே உடலின் உறுப்புகளைத் தாக்கும் கொடிய நோய் அது. கல்லூரிப் படிப்பை முடித்து, 1945-இல் அயோவா பல்கலைக்கழகத்திற்கு இதழியல் பயிலச் சென்றவர், அங்கிருந்த எழுத்தாளர் பயிலரங்கில் சேர்ந்து, கதைக்கலையையே தமக்குரியதாகக் கொண்டார். இதழியல் கற்றவர்க்கு மாதச் சம்பளம் கிடைக்கும். கதை எழுதுபவர்க்கு அந்த உறுதி எங்கே?

முதல் சோதனை 1949-இல் வந்தது. அவர் எழுதிக்கொண்டிருந்த நாவலின் பகுதிகளைப் பார்த்த பதிப்பாசிரியர், அதனை வழக்கமான போக்கிற்கு மாற்ற விரும்பினார். ஓ’கானருக்கு அப்போது வயது 23. அதுவரை ஒரு நூலும் வெளியாகவில்லை. எனினும், தாம் செய்ய முயல்வது எதுவோ அதற்கு உட்பட்ட திருத்தங்களையே ஏற்க இயலும் என்று உறுதியாக விடை எழுதினார். பின்னர் வேறு பதிப்பகத்தை நாடினார். அந்நாவல் 1952-இல் வெளிவந்தது.

ஆனால் பெரிய சோதனை அதற்கு முன்பே நேர்ந்துவிட்டது. 1950 டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு விழாவிற்காக வீடு திரும்பியபோது கடும் நோயுற்றார். தந்தையைக் கொண்டுசென்ற அதே லூப்பஸ்! அன்னை நோயின் பெயரை மகளிடம் சொல்லாமல் மறைத்தார். 1952-இல்தான் உண்மை தெரிந்தது. வட மாநிலத்தில் எழுத்தாளர்களிடையே வாழ்ந்துவந்தவர், மில்லெட்ஜ்வில் என்னும் சிற்றூரையடுத்த பால்பண்ணை வீட்டில் அன்னை ரெஜினாவுடன் தங்கவேண்டியதாயிற்று. ஊர் திரும்பினால் எழுத்து முடிந்தது என்று எண்ணியிருந்தவர், அதுவே தொடக்கமாயிற்று எனப் பின்னாளில் கடிதமொன்றில் எழுதினார்.

அங்கே அவர் செய்ததை விந்தை என்று கூறுவதற்கில்லை. காலையில் திருப்பலி கண்டபின் மேசையில் அமர்வார். உடல் வலிமை நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரத்திற்கே போதுமானதாயிருந்தது. அந்த நேரத்தில் வேறெதுவும் குறுக்கிட அவர் இடந்தரவில்லை. பல மாத உழைப்பைக் கிழித்தெறிய நேர்ந்ததும் உண்டு. ஏதேனும் தோன்றுமாயின் அதனை ஏற்கத் தாம் அங்கே இருக்கவேண்டும் என்பதே அவர் கருத்து. மருந்தின் கடுமையால் இடுப்பெலும்பு தளர்ந்து, ஊன்றுகோல்களின் துணையால் நடந்தார். பிற்பகலில் மயில்களை வளர்ப்பதும், கடிதங்கள் எழுதுவதும், விருந்தினரை வரவேற்பதும் அவர் பொழுதாயிருந்தன.

அன்னைக்கு மகளின் கதைகள் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதில் வியப்புமில்லை, கொலைகாரனும் போலிப் போதகனும் திருவிவிலியம் விற்கவரும் வஞ்சகனும் உலவும் கதைகள் அவை. பலரும் விரும்பிப் படிக்குமாறு எழுதாவிட்டால், கடவுள் தந்த திறமையைச் சரியாகப் பயன்படுத்துவதாகுமா என்று ஒருமுறை மகளிடமே கேட்டாராம். எத்தனை பெற்றோரின் கேள்வி அது! ஆயினும் பண்ணையின் கணக்கையும் ஆள்களையும் தாமே கவனித்து, மகளின் காலைப்பொழுதைக் காத்தவரும் அவரே. கதை பிடிக்காமலேயே கதைக்கு இடமளித்த அத்தாயை, எழுதிய மகளினும் ஒரு படி குறைவாக மதிக்க நமக்கு மனம் வரவில்லை. ஒரு கதையின் தொலைக்காட்சி உரிமையை விற்ற பணத்தில், மகள் அன்னைக்குப் புதிய குளிர்சாதனப் பெட்டி வாங்கித் தந்தார். எழுத்து சோறு போட்டதோ என்னவோ, சோற்றைக் கெடாமல் வைத்தது!

ஓ’கானர் குறையற்றவர் அல்லர். கறுப்பின மக்களைப்பற்றி அவருடைய கடிதங்களிற் காணப்படும் சில சொற்கள் நம்மை நோகச் செய்கின்றன. அதன் பொருட்டே, மேரிலாந்திலுள்ள ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2020-இல் தன் விடுதிக் கட்டடத்திற்குச் சூட்டியிருந்த அவருடைய பெயரை நீக்கியது. அவரைப் பீடத்தில் ஏற்றுவது நம் நோக்கமன்று.

1964 பிப்ரவரியில் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைக்குப்பின் நோய் மீண்டும் தலைதூக்கியது. மருத்துவமனையிற் படுத்திருந்தபோதும் கதையொன்றைத் திருத்திக்கொண்டிருந்தார். எழுதலாகாது என்று எவரேனும் தடுத்துவிடுவரோ என அஞ்சி, ஏட்டைத் தலையணையின்கீழ் மறைத்து வைத்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 3-ஆம் நாள், தமது 39-ஆம் வயதில் இறந்தார். இறுதிக் கதைகள் அடுத்த ஆண்டு நூலாக வெளிவந்தன.