பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: ஜெர்ரி க்ரவுஸ்

2024 ஜனவரி 12. சிகாகோ யுனைடெட் சென்டர் அரங்கம். சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணி தன் பழைய பெரிய மனிதர்களுக்கு மரியாதை செய்கிறது. ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார்கள், கூட்டம் கை தட்டுகிறது. 'ஜெர்ரி க்ரவுஸ்' என்றதும் அரங்கத்தில் ஊளை!

க்ரவுஸ் அதைக் கேட்கவில்லை. 2017 மார்ச்சிலேயே இறந்துவிட்டார். ஆனால் அவருடைய மனைவி அங்கே உட்கார்ந்திருந்தார். அந்த வயதான அம்மாள் அழுததைத் தொலைக்காட்சி காட்டியது. அன்றைக்கு எதிரணியின் பயிற்சியாளராக வந்திருந்தவர் ஸ்டீவ் கெர். க்ரவுஸ் அணிக்குள் கொண்டுவந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். ரசிகர்கள் நடந்துகொண்ட விதத்தைக் கண்டு அவமானமாக இருக்கிறது என்கிற ரீதியில் பொரிந்து தள்ளினார்.

இத்தனைக்கும் யார் இந்த க்ரவுஸ்? புல்ஸ் அணி வாங்கிய என்.பி.ஏ. கோப்பைகள் மொத்தமே ஆறு. ஆறும் இவர் ஜெனரல் மேனேஜராக இருந்தபோது வந்தவை. ஆறு கோப்பை கொடுத்தவனுக்கு ஊளை. நல்ல ஊர், நல்ல ரசிகர்கள்!

அந்த ஊளைக்குத் தூபம் போட்டது 2020-ல் வந்த 'தி லாஸ்ட் டான்ஸ்' என்ற பத்துப் பாக ஆவணப்படம். கொரோனா ஊரடங்கில் உலகமே வீட்டில் முடங்கிக் கிடந்தபோது வந்ததால் கூடைப்பந்து தெரியாதவர்கள்கூட பார்த்தார்கள். அதில் மைக்கேல் ஜோர்டான் கதாநாயகன், க்ரவுஸ் வில்லன். குள்ளமான, குண்டான, கோட்டு கசங்கிய வில்லன். அவருடைய உயரத்தையும் உடம்பையும் ஜோர்டான் எல்லார் முன்னாலும் கிண்டல் செய்யும் பழைய காட்சிகளைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். மற்ற எல்லாருக்கும் சோபாவில் உட்கார்ந்து பதில் சொல்ல வாய்ப்பு. க்ரவுஸ் மட்டும் செத்து மூன்று வருடம். இன்னொரு விஷயம், அந்தப் படத்தின் தயாரிப்பில் ஜோர்டானின் சொந்த நிறுவனமும் பங்காளி. ஆவணப்படம் எடுப்பதிலேயே ஊறிய கென் பர்ன்ஸ் அப்போதே இதை ஆட்சேபித்தார். கதாநாயகனே பங்காளியாக இருக்கும் படத்தில் வில்லனுக்கு என்ன நியாயம் கிடைக்கும்?

சரி, குற்றச்சாட்டுக்கு வருவோம். முதல் குற்றச்சாட்டு: "ஜோர்டான் இருந்தால் எவன் வேண்டுமானாலும் ஜெயிப்பான், இதில் மேனேஜருக்கு என்ன பெருமை?"

ஜோர்டானை 1984-ல் எடுத்தது க்ரவுஸ் இல்லை, அவருக்கு முன்னால் இருந்த ராட் தார்ன். அது உண்மை. ஆனால் அந்த ஜோர்டானை வைத்துக்கொண்டு புல்ஸ் முதல் மூன்று வருடங்களில் பிளேஆஃப் சுற்றில் என்ன கிழித்தது? 1985-ல் மில்வாக்கியிடம் 1-3. 1986-ல் பாஸ்டனிடம் 0-3. 1987-ல் மறுபடியும் பாஸ்டனிடம் 0-3. பத்து ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி! 1986-ல் பாஸ்டனுக்கு எதிராக ஜோர்டான் தனி ஆளாக 63 புள்ளிகள் எடுத்தார். இன்றுவரை அதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. அந்த ஆட்டத்திலும் புல்ஸ் தோற்றது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

1985-ல் பொறுப்புக்கு வந்த க்ரவுஸ் அதற்கு முன் வாழ்நாள் முழுக்க பார்த்தது ஸ்கவுட் வேலை. ஊர் ஊராகப் போய், காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, யாருக்கும் தெரியாத பையன்களின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் வேலை. கூடைப்பந்துக்கும் செய்தார், பேஸ்பாலுக்கும் செய்தார். கைதட்டல் கிடைக்காத தொழில்.

அந்தக் கண் 1987-ல் என்ன செய்தது என்று பாருங்கள். ஸ்காட்டி பிப்பன் சென்ட்ரல் ஆர்கன்சா என்ற சின்னக் கல்லூரியில் படித்தவர். பெரிய கல்லூரிகள் ஆடும் போட்டிகளில்கூட அந்தக் கல்லூரி கிடையாது. அவர் அங்கே சேர்ந்ததே அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் பையனாகத்தான். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துப் பொறுக்கி எடுக்கும் டிராஃப்டில் க்ரவுஸுக்குக் கிடைத்தது 8-வது இடம். அதுவரை காத்திருந்தால் பிப்பன் கிடைக்க மாட்டார் என்று கணக்குப் போட்டு, 5-வது இடம் வைத்திருந்த சியாட்டிலோடு பேசி முடித்தார். சியாட்டில் பிப்பனை எடுத்துக் கொடுத்தது; பதிலுக்கு ஓல்டன் போலினிஸை வாங்கிக்கொண்டது. அதே நாளில் 10-வது இடத்தில் ஹோரஸ் கிராண்ட். ஒரே சாயங்காலத்தில் இரண்டு தூண்கள்!

அதே வருடம் பில் ஜாக்சனை உதவிப் பயிற்சியாளராகச் சேர்த்தார். சின்ன லீக்கில் அல்பனி அணிக்குப் பயிற்சி கொடுத்தவர், என்.பி.ஏ.வில் அவரைக் கூப்பிட ஆளில்லை. 1989-ல் அரையிறுதி வரை போன டக் காலின்ஸை நீக்கிவிட்டு ஜாக்சனைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியபோது சிகாகோவே க்ரவுஸைத் திட்டியது. ஜாக்சன் பின்னால் பயிற்சியாளராக மொத்தம் 11 கோப்பை வாங்கினார். திட்டியவர்கள் யாரும் வாபஸ் வாங்கியதாகத் தகவல் இல்லை.

1988-ல் சார்ல்ஸ் ஓக்லியைக் கொடுத்து பில் கார்ட்ரைட்டை வாங்கினார். ஓக்லி ஜோர்டானின் உயிர் நண்பர். ஜோர்டான் கொதித்துப் போனார். ஆனால் 1991, 92, 93 மூன்று கோப்பைகளிலும் நடுவே நின்ற நெட்டை ஆள் அந்த கார்ட்ரைட்தான். 1990-ல் யூகோஸ்லாவியாவின் ஸ்ப்ளிட்டில் இருந்த டோனி குகோச்சை 29-வது இடத்தில் எடுத்தார். இதற்கும் சண்டை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஜோர்டானும் பிப்பனும் குகோச்சைத் துரத்தித் துரத்தி மடக்கினார்கள். காரணம் அந்தப் பையன் செய்த தப்பு எதுவும் இல்லை; க்ரவுஸுக்குப் பிடித்தவன் என்பதுதான்! அதே குகோச் அடுத்த மூன்று கோப்பைகளுக்கும் தோள் கொடுத்தார்.

அந்த அடுத்த மூன்று (1996, 97, 98) தனிக் கதை. 1993 அணியில் இருந்து 1996 அணியில் மிஞ்சிய ஆட்டக்காரர்கள் இரண்டே பேர்: ஜோர்டான், பிப்பன். மீதி எல்லாம் புதிது. ரான் ஹார்ப்பர், லூக் லாங்லி, கெர், குகோச். 1995-ல் வில் பர்டூ என்ற ஒரே ஆளைக் கொடுத்துவிட்டு வாங்கிய டெனிஸ் ராட்மன். அந்த அணி 72-10 என்று சாதனை படைத்தது. பத்து வருடத்துக்குள் ஒரே நட்சத்திரத்தைச் சுற்றி இரண்டு தனித்தனி சாம்பியன் அணிகள். இதை 'ஜோர்டான் செய்தார்' என்று சொல்வது கல்யாண விருந்தைச் சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை நன்றாகச் சமைத்தார் என்று சொல்வது மாதிரி.

இரண்டாவது குற்றச்சாட்டு, பெரிய குற்றச்சாட்டு: 1998-ல் ஜெயித்துக்கொண்டிருந்த அணியைக் கலைத்தவர் க்ரவுஸ்.

பெட்டிச் சாவி யார் கையில் இருந்தது என்று யாராவது கேட்டார்களா? அணியின் முதலாளி ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப். 1997-98-ல் ஜோர்டானின் சம்பளம் 3 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல். பிப்பனுடையது 30 லட்சத்துக்கும் கீழே. 1991-ல் பிப்பன் போட்ட நீண்ட ஒப்பந்தத்தின் விளைவு அது. இத்தனை வருடத்துக்குக் கையெழுத்துப் போடாதே என்று எச்சரித்ததாக முதலாளியே சொல்கிறார். பின்னால் அதைத் திருத்தி எழுதுவதில்லை என்பதும் அவர் வைத்த சட்டம். ஆனால் பிப்பன் பஸ்ஸில் ஏறி வசை பாடியது க்ரவுஸை. அந்த வீரர்களுக்குச் சந்தை விலை கொடுத்து மறுபடி சேர்ப்பது தற்கொலை என்று படத்தின் கடைசியில் சொன்னதும் ரைன்ஸ்டார்ஃப்தான். கணக்குப் பார்த்தவர் முதலாளி, கெட்ட பெயர் கணக்குப்பிள்ளைக்கு. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

அந்த அணி இன்னொரு வருடம் ஆடியிருந்தால்? 1998 கோடையில் ராட்மனுக்கு 37 வயது, ஜோர்டானுக்கு 35, ஹார்ப்பருக்கு 34. பிப்பனுக்கு அந்தக் கோடையில் முதுகில் அறுவைச் சிகிச்சை. லாங்லியின் கணுக்கால் சில வருடங்களில் அவர் ஆட்டத்தையே முடித்துவிட்டது. ராட்மன் அதன் பிறகு என்.பி.ஏ.வில் ஆடியது மொத்தம் 35 ஆட்டங்கள். ஜோர்டான் சுருட்டு வெட்டும் கருவியில் விரல் நரம்பை வெட்டிக்கொண்டார். கிழித்துப் போட்ட அணியா அது, தானே நைந்துபோன அணியா?

க்ரவுஸ் புனிதர் ஒன்றும் இல்லை. தற்பெருமை அதிகம். கோப்பையை ஜெயிப்பது ஆட்டக்காரர்கள் மட்டுமில்லை, நிர்வாகமும்தான் என்ற சரியான கருத்தை, கேட்கிறவன் காதில் புகை வரும் விதத்தில் சொன்னார். 82 ஆட்டமும் ஜெயித்தாலும் இதுதான் கடைசி வருடம் என்று ஜாக்சனிடம் சீசன் தொடங்கும் முன்பே சொன்னது அபத்தம். அவருக்குப் பதில் ஐயோவா ஸ்டேட்டில் இருந்து டிம் ஃப்ளாய்டைக் கொண்டுவந்தது அதைவிட அபத்தம். 1998-99-ல் 13-37, அடுத்து 17-65, அதற்கடுத்து 15-67. எல்டன் பிராண்டை 2001-ல் விற்றதை எந்த வக்கீலும் நியாயப்படுத்த முடியாது. 2003-ல் பதவியை விட்டபோது அழுவதற்கு ஆளில்லை. அதற்காக ஊளையிடுங்கள், தப்பில்லை. ஆனால் சிகாகோ ஊளையிட்டது தோற்ற அணிகளுக்காக இல்லை, ஜெயித்த அணிக்காக!

ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு சுலபமா என்று ஜோர்டானையே கேட்கலாம். அவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்தான். 2001-ல் வாஷிங்டன் நிர்வாகத்தில் இருந்துகொண்டு முதல் இடத்தில் குவாமே பிரவுனை எடுத்தார். 2006-ல் சார்லட் அணிக்கு 3-வது இடத்தில் ஆடம் மாரிசன். இரண்டு பேருமே தேறவில்லை. அவர் முதலாளியாக இருந்த சார்லட் 2011-12-ல் 7-59, என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதுவரை இல்லாத மோசமான வெற்றி விகிதம். 2023-ல் பெரும்பங்கை விற்றுவிட்டு வெளியே வந்தார். கோப்பை பூஜ்யம். அதற்காக யாரும் அவருடைய உயரத்தையோ தொப்பையையோ கிண்டல் செய்யவில்லை.

புல்ஸ் கதையும் அப்படியே. க்ரவுஸ் போன பிறகு நிர்வாகம் இரண்டு தடவை கை மாறியது. 2024-ல் அந்த விழா நடந்தபோதும் முதலாளி அதே ரைன்ஸ்டார்ஃப். 1998-க்குப் பிறகு அன்றுவரை அந்த அணி ஒரு தடவைகூட இறுதிப் போட்டிக்குப் போகவில்லை.