மஞ்ச நோட்டீஸ் கொடுத்தா வக்கீல் ஃபீஸ் பாக்கி போயிடுமா?

கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் பத்தி நிறைய பேசியாச்சு. இன்னைக்கு வக்கீல் ஃபீஸ் பாக்கி.

அடையாறுல ஃப்ளாட் புக் பண்ணி, பில்டரோட கேஸ் நடக்குது, ஃபீஸ்ல 80,000 ரூபாய் பாக்கினு வச்சுக்கோங்க. "அடுத்த மாசம் போனஸ் வருது சார், செட்டில் பண்ணிடறேன்"ங்கறீங்க. போனஸே கிடையாதுனு உங்களுக்குத் தெரியும். அவர் நம்பி கேஸை நடத்துறார். அப்புறம் வேலை போய், திவால் மனு போடறீங்க. பாக்கி தள்ளுபடி ஆகுமா?

இதே மாதிரி ஒரு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போச்சு. கிளையன்ட் ஒருத்தர், சுமார் 1 லட்சம் டாலர் டாக்ஸ் ரீஃபண்ட் வரும்னு வக்கீல்கள்கிட்ட வாயால சொன்னார். வந்தது 60,000-க்கும் குறைவு. அதையும் பிசினஸ்ல போட்டுட்டு, "இன்னும் வரல"ன்னார். 2018 ஜூன்ல ஒருமனதா தீர்ப்பு: பண நிலைமை பத்தின பொய் எழுத்துல இருந்தாதான் கடன் நிக்கும். அவர் தப்பிச்சார்.

சென்னையில அப்படித் தப்பிக்கறது கஷ்டம். 2016 திவால் சட்டத்தோட தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவங்களுக்கு மட்டும்தான் அமல்ல இருக்கு. மயிலாப்பூர், தி.நகர் சம்பளக்காரருக்கு 1909-ஆம் வருஷ பிரசிடென்சி டவுன்ஸ் இன்சால்வென்சி சட்டம்தான். மனு மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போகும். அதோட 45-வது பிரிவுப்படி, மோசடி பண்ணி வாங்கின கடன் மட்டுமில்ல, மோசடி பண்ணி அவகாசம் வாங்கின கடனும் தள்ளுபடி ஆகாது. பொய் எழுத்துல இருக்கணும்னு அந்தப் பிரிவு கேட்கல.

என்னைக் கேட்டா, நம்ம சட்டம்தான் நியாயம். உழைப்பை நம்பிக்கையில கொடுத்தவருக்கு வாய்ப்பொய்யும் எழுத்துப்பொய்யும் ஒரே நஷ்டம்தான். அதுக்காக வக்கீல் "ஏமாத்திட்டான்"னு சொன்னா மட்டும் போதாது, நிரூபிக்கணும். நிஜமாவே கட்ட முடியாம போறது மோசடி இல்ல.

பலர் பொய் சொல்றது, கேஸ் கட்டைத் தராம பிடிச்சு வச்சுக்குவாரோங்கற பயத்துல. ஃபீஸ் பாக்கிக்காக வக்கீல் கட்டை வச்சுக்க முடியாதுனு 2000-லயே நம்ம உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அதனால "இப்ப முடியல சார், மாசம் 5,000 தரேன்"னு வாட்ஸ்அப்ல போடுங்க. 16 மாசத்துல 80,000 முடிஞ்சிடும். நடுவுல வேலையே போனாலும், உங்களை மோசடிக்காரர்னு சொல்ல யாருக்கும் வாய்ப்பு இருக்காது.