திறமைக்குப் பஞ்சமா?

தோட்டப்புற இளைஞர் உள்ளூராட்சிச் சேவையை நாடுவதில்லை; அவர்களிடையே திறமைக்குப் பஞ்சம் என்று அங்கலாய்ப்போர் உளர். பஞ்சம் திறமைக்கன்று, நீதிக்கே!

1948இல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டமோ, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. கினிகத்தேனையை உள்ளடக்கிய அம்பகமுவப் பிரதேசத்திலும் இதுவே நிலை. லயத்து வாசலுக்கு வடிகால்கூட அமைக்காத சபையில், தானொரு தொழில்நுட்ப உத்தியோகத்தனாகலாம் என்று தொழிலாளியின் மகன் எங்ஙனம் கனவு காண்பான்?

2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. செலவிட வழி பிறந்தது. சேவை செய்யும் ஆட்கள் எங்கே? 1987இலேயே அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிவிட்டது. தோட்டத் தாய் தன் மொழியில் முறையிட்டால், அதனைக் கேட்டு அம்மொழியிலேயே மறுமொழி எழுத உத்தியோகத்தர் வேண்டாமா? தமிழறிந்த, லயத்து வாழ்வறிந்த இளைஞனின் அறிவு குறைபாடன்று. அப்பதவிக்குரிய முதற் றகுதி!

ஆதலின், வெற்றிடங்கள் தோட்டப் பாடசாலைகளுக்கும் தமிழில் அறிவிக்கப்படுக. சிபாரிசுக் கடிதம் ஒழிந்து, போட்டிப் பரீட்சை நிலவுக. நியமனம் பெற்றவனுக்குப் பயிற்சியும் பதவி உயர்வும் உறுதியாகுக. ஆசிரியர்களே, மாணவர்களே! இது சலுகைக்கான இரப்பன்று, உரிமைக்கான குரல்.