பழைய காருக்கு இழுவைக் கொக்கி

ஜாசின் வட்டாரத்திலிருந்து அன்பர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய அவருடைய தகப்பனார் விட்டுச் சென்ற மோரிஸ் மைனர் கார் ஒன்று வீட்டில் இருக்கிறதாம். இன்றும் நன்றாக ஓடுகிறதாம். மாசி மகத்திற்குச் செங் சன்னாசிமலைக்கும், தைப்பூசத்திற்குப் பத்துமலைக்கும் குடும்பத்தோடு அதிலேயே போய்வர வேண்டுமென்று ஆசை. ஆனால் நான்கு பேர் ஏறிவிட்டால் அண்டா, அடுப்பு, காவடிச் சட்டம், பாய், தலையணை எதற்கும் இடமில்லை. பின்னால் கொக்கி வைத்து ஒரு சிறு டிரெய்லரை மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

மாட்டலாம். ஆனால் இப்படிக் கேட்பவர்கள் எல்லாருமே கொக்கி உறுதியாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். கொக்கி பாதிதான். மறுபாதி, டிரெய்லரில் பாரத்தை எப்படி அடுக்குகிறீர்கள் என்பது.

உங்கள் பாட்டனார் மாட்டுவண்டி ஓட்டியவராக இருந்தால் இது உங்கள் குடும்பத்திற்குப் பழைய பாடம். மலாக்கா மாட்டுவண்டியை நினைத்துப் பாருங்கள். இரண்டு சக்கரம், ஓர் அச்சு, முன்னே நீண்ட ஏர்க்கால், அதன் நுனியில் நுகத்தடி. மூட்டைகளைப் பின்னால் அடுக்கினால் நுகத்தடி மேலே தூக்கி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். எல்லாவற்றையும் முன்னால் அடுக்கினால் மாட்டின் கழுத்து நசுங்கும். ஆகவே பாரத்தை அச்சின் மேல் வைத்து, சிறிதளவு முன்பாரம் இருக்கும்படி பார்த்துத்தான் வண்டி பூட்டுவார்கள். இரண்டு சக்கர டிரெய்லரும் இதேதான். மாட்டுக்குப் பதில் கார், நுகத்தடிக்குப் பதில் கொக்கி.

கணக்காகச் சொல்வதென்றால், டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். 200 கிலோ டிரெய்லர் என்றால் 10 முதல் 20 கிலோ. இதை அளக்க வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் போதும். டிரெய்லரைக் கழற்றிச் சமதரையில் நிறுத்தி, கொக்கி இருக்கும் உயரத்திற்கு ஒரு கட்டையை மெஷின் மேல் நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை அதன்மேல் வைத்தால் எடை தெரிந்துவிடும். கட்டையின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள்.

பின்பாரமாக ஏற்றினால் என்ன ஆகும்? நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லோரி உங்களை முந்திப் போகும்போது அதன் காற்று டிரெய்லரைத் தள்ளும். டிரெய்லர் பாம்பு போல நெளியத் தொடங்கும்; ஒவ்வொரு நெளிவும் முந்தையதைவிடப் பெரிதாகும்; கடைசியில் காரின் பின்பக்கத்தையே இழுத்துச் சுழற்றிவிடும். அப்படி நெளியத் தொடங்கினால் ஸ்டீரிங்கைத் திருப்பிச் சரி செய்யப் பார்க்காதீர்கள். பிரேக்கைப் போட்டு அழுத்தாதீர்கள். ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் குறைந்தால் நெளிவும் அடங்கும்.

அடுத்தது மொத்த எடை. மோரிஸ் மைனர் இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட வண்டி. 1962-க்குப் பிறகு வந்தவற்றில் 1098 சி.சி. எஞ்சின், 48 குதிரைசக்தி. இன்றைய சிறிய கார்களுக்கே அதைவிடச் சக்தி அதிகம். காரின் எடை சுமார் 750 கிலோ. நான்கு சக்கரத்திலும் பழைய மாதிரி டிரம் பிரேக். சொந்தப் பிரேக் இல்லாத டிரெய்லர், இழுக்கும் காரின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது இங்கிலாந்து விதி. அந்தக் கணக்குப்படி 375 கிலோ வரை போகலாம். நான் அவ்வளவு போகச் சொல்லமாட்டேன். ஐம்பது வயது தாண்டிய காருக்கு டிரெய்லரோடு சேர்த்து 200 கிலோ போதும்.

200 என்பது பெரிதாகத் தோன்றும். டிரெய்லரே 100 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 கிலோ கேஸ் தோம்பு என்கிறோமே, அது உள்ளே இருக்கும் கேஸின் எடை மட்டும். இரும்போடு சேர்த்தால் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அண்டா, இரண்டு சிப்பம் அரிசி, 20 லிட்டர் தண்ணீர், காவடிச் சட்டம்... கணக்கு முடிந்துவிட்டது. மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினாலும் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் 475-ஆம் குறளில் சொல்லிவைத்திருக்கிறார். அவர் காலத்தில் கேஸ் தோம்பு இல்லை.

இனி, கொக்கியை எங்கே வைப்பது? டிராக்டருக்கும் லோரிக்கும் அடியில் தனிச் சட்டம் உண்டு. மைனர் காருக்கு அது கிடையாது, உடம்பே சட்டம். ஆகவே பம்பரில் கொக்கியை மாட்டவே கூடாது. பூட்டின் அடித்தளத்தில் உள்ள கனத்த மடிப்புகளில் தகடு கொடுத்து, அந்தத் தகட்டில்தான் கொக்கியைப் பொருத்த வேண்டும். 6 மில்லிமீட்டர் கனமுள்ள தகடாக, அகலமாக இருந்தால் இழுவை ஓரிடத்தில் விழாமல் பரவும். பெட்டி போன்ற சட்டத்திற்குள் போல்ட் போடும்போது உள்ளே ஒரு குழாய்த் துண்டு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் முடுக்க முடுக்கத் தகரம் உள்வாங்கும். போல்ட்டின் தலையில் 8.8 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண ஜன்னல் போல்ட் இதற்கு ஆகாது. முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடி முடுக்குங்கள்.

தகடு அடிக்கும் முன் காரின் அடியில் படுத்து, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கும் இடத்தை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மைனர் கார் துரு ஏறுவதற்குப் பேர்போன இடம் அதுதான். நம் மழைக்கும் கிளேபாங் கடற்காற்றுக்கும் கேட்கவே வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனால் கொக்கியை மறந்துவிட்டு முதலில் துருவைக் கவனியுங்கள்.

இன்னொன்று. இந்தக் காரின் பெட்ரோல் டாங்கி பூட் தளத்தின் நேர் கீழே இருக்கிறது. பட்டறைக்காரர் வெல்டிங் வைக்கிறேன் என்றால், டாங்கியைக் கழற்றி வெளியே வைக்காமல் சம்மதிக்காதீர்கள். பெட்ரோல் காலிதானே என்பார். காலி டாங்கியில்தான் ஆவி நிறைந்திருக்கும். நிறைந்த டாங்கியைவிட அது ஆபத்து. துளையிட்டு போல்ட் போடுவதாக இருந்தாலும் டாங்கி கழன்றே இருக்கட்டும்.

டிராக்டர் ஓட்டியவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். தோட்டத்தில் ஓட்டையில் ஒரு பின் சொருகி எத்தனை டன் பால் இழுத்தோம், அதுவே போதாதா? போதாது. பின்னுக்கும் ஓட்டைக்கும் நடுவே இருக்கும் ஆட்டம் மாட்டு வேகத்தில் தெரியாது. 70 கிலோமீட்டர் வேகத்தில் அதே ஆட்டம் சுத்தியலாகி அடிக்கும். அதனால்தான் காருக்குக் குண்டுக் கொக்கி. ஆனால் டிராக்டரில் கற்ற ஒன்று இங்கேயும் உதவும்: இழுவை தாழ்வாக இருக்க வேண்டும். பின்னச்சுக்கு மேலே சங்கிலி கட்டி இழுத்த டிராக்டர் முன்சக்கரம் தூக்கிப் பின்புறமாகக் கவிழ்ந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஐரோப்பிய அளவுப்படி பாரம் ஏற்றிய நிலையில் குண்டின் நடுப்பகுதி தரையிலிருந்து 350 முதல் 420 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும்.

குண்டு வாங்கும்போது அளவைக் கவனியுங்கள். 50 மில்லிமீட்டர் உண்டு, 2 அங்குலம் உண்டு, அதைவிடச் சிறிதாக ஒன்றே முக்கால் அங்குலத்திற்கும் சற்றுப் பெரிய, அதாவது 47.6 மில்லிமீட்டர் குண்டும் உண்டு. சிறிய குண்டின் மேல் பெரிய மூடி உட்காரும், பூட்டிக்கொள்ளவும் செய்யும். பள்ளத்தில் ஒரு குதி குதித்ததும் கழன்றுவிடும். குண்டிலும் மூடியிலும் அளவு பொறித்திருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படியும் கழன்றால் காப்பாற்றுவதற்கு இரண்டு சங்கிலிகளைப் பெருக்கல் குறி போலக் குறுக்காகக் கட்டுங்கள். டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும்.

விளக்கு விஷயத்தை மின்சாரம் தெரிந்தவரிடம் விடுங்கள். ஆனால் அவரிடம் இரண்டு செய்தி சொல்ல வேண்டும். மைனர் காரில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும்; இன்றைய கார்களுக்கு நேர் எதிர். ஆகவே எல்இடி விளக்கை வாங்கி அப்படியே மாட்டினால் எரியாது, சில சமயம் கெட்டுப்போகும். பழைய மாதிரி பல்பே நல்லது. அடுத்து, சிக்னல் மினுக்கும் டப்பா இரண்டு 21 வாட் பல்புக்காகச் செய்தது. டிரெய்லரில் மூன்றாவது பல்பு சேர்ந்தால் மினுக்கல் தாளம் மாறும். கனத்த டப்பாவாக மாற்ற வேண்டும்.

சாலையில் போகும்போது, செரம்பானுக்கும் மந்தினுக்கும் நடுவிலுள்ள பழைய வளைவுச் சாலை போன்ற இறக்கங்களில் பிரேக்கையே நம்பாதீர்கள். டிரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். காரில் சூடு காட்டும் முள்ளும் கிடையாது என்பதால் ஏற்றம் முடிந்ததும் ஓரமாக நிறுத்தி வண்டியை ஆறவிடுங்கள். அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்தில் டிராக்டர் டிரெய்லரில் ஏறி வேலைக்காட்டிற்கும் பள்ளிக்கும் போய் வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்தப் பழக்கத்தில், பக்கத்தில்தானே போகிறோம் என்று பிள்ளைகளை டிரெய்லரில் உட்கார வைக்கத் தோன்றும். கூடவே கூடாது. முற்றத்தைச் சுற்றக்கூட வேண்டாம். வீட்டுக்காரர் ஏற்றினாலும் நீங்கள் இறக்கிவிடுங்கள்.

பட்டறைக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஜேபிஜே அலுவலகத்திற்கு ஒரு நடை போய்வர வேண்டும். நம் நாட்டில் டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. ‘டி’ எழுத்தில் தொடங்கும் எண் பலகையை லோரி டிரெய்லர்களில் பார்த்திருப்பீர்கள். வீட்டில் ஒட்டிய டிரெய்லரைக் கேட்காமல் சாலையில் இறக்க முடியாது. கார், டிரெய்லர் இரண்டின் படத்தையும் அளவையும் கொண்டுபோய், கொக்கிக்கும் சேர்த்து என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் மாட்டிய கொக்கியால் விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு கிடைக்காமல் போகலாம்.

துளை போட்டால் அப்பாவின் காருக்கு மதிப்புக் குறையுமா என்றும் அன்பர் கேட்டிருக்கிறார். பழைய கார் சேகரிப்பவர்கள் குறை சொல்லத்தான் செய்வார்கள். கூடுமானவரை ஏற்கெனவே உள்ள துளைகளையே பயன்படுத்தச் சொல்லுங்கள். புதுத் துளை போட்டால் விளிம்பில் துருத் தடுப்புப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். கழற்றிய பழைய போல்ட்டுகளை எறியாமல் ஒரு மைலோ டின்னில் போட்டு, எது எந்த இடத்துக்கு என்று எழுதி வையுங்கள்.