பாடம் நடத்தாமல் பரீட்சையா?



அத்திப்பட்டில் டீக்கடை வைத்திருப்பவன், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், நேற்று கேட்டான்: "சார், ஜிபே அட்டையை எடுத்துடட்டுமா? நோட்டீஸ் வருமாமே?"

பயம் சும்மா வரவில்லை. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவை வைத்து, வரிவிலக்குள்ள காய்கறி விற்றவருக்கும் லட்சக்கணக்கில் நோட்டீஸ் அனுப்பியது. கடைகளில் 'ரொக்கம் மட்டும்' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று முதல்வர் சித்தராமையா பிறகுதான் சொன்னார்.

பொருள் மட்டும் விற்றால் ஆண்டு வரவு 40 லட்சம், டீக்கடை போன்ற சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. அதாவது நாளுக்குச் சுமார் 5,500 ரூபாய். இதைத் தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸாக முன்கூட்டியே அனுப்பினால் என்ன?

வரி கட்டத்தான் வேண்டும். ஏய்ப்பவனுக்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் பாடமே நடத்தாமல் ஃபெயில் போடுவது என்ன நியாயம்? வரித்துறையில் இருக்கும் என் பிள்ளைகளே, பதில் சொல்லுங்கள்.